தடிமனான தோல் தைக்க எந்த மெஷின்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் பை, பெல்ட், செருப்பு என்று வீட்டிலோ சின்னப் பட்டறையிலோ செய்ய ஆரம்பிப்பவர்கள் ஒரு கட்டத்தில் கைத்தையல் போதவில்லை என்று மெஷின் தேடுகிறார்கள். அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். தோல் தைப்பதும், தைப்பவர்களுக்கு மெஷின் பார்த்துக் கொடுப்பதும் என் தொழில். 'ஹெவி டியூட்டி' என்ற இரண்டு வார்த்தையை நம்பிச் சேமிப்பைக் கொட்டிவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை. வாங்குவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள்.

எந்த மெஷின் நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் அது தவறான பதிலாகத்தான் இருக்கும். முதலில் நீங்கள் எனக்குச் சில விவரங்கள் சொல்ல வேண்டும். நீங்கள் தைப்பதிலேயே அதிகத் தடிமனான இடம் எவ்வளவு மில்லிமீட்டர்? மிக மெல்லிய இடம் எவ்வளவு? எந்த நூலில் தைக்கிறீர்கள்?

தடிமனைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி அளந்து பாருங்கள். பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். தோல் 3.5 மி.மீ. என்றால் "நான் 3.5 மி.மீ. தைக்கிறேன்" என்று நினைப்பீர்கள். ஆனால் பக்கிள் மாட்டும் இடத்தில் தோல் மடிந்து வருகிறது. அங்கே அது 7 மி.மீ. மடியும் பகுதியைக் கத்தியால் பாதிக்குச் சீவினால் ஐந்தேகாலுக்கு இறங்கும். உள்ளே லூப்பின் நுனியையும் சேர்த்துத் தைத்தால் மறுபடியும் ஏழைத் தாண்டும். மெஷினின் எல்லையைத் தீர்மானிப்பது இந்த ஒரு அங்குல இடம்தான், மீதி மூன்று அடி இல்லை. பையிலும் இதே கதை: உடல் முழுக்க 1.5 மி.மீ. தோலாக இருக்கும், கைப்பிடி வந்து சேரும் மூலையில் நான்கு அடுக்கு நிற்கும்.

அளந்த அளவுக்கு மேல் இரண்டு மி.மீ. கூடுதலாகத் தைக்கும் மெஷினைப் பாருங்கள். எல்லையிலேயே ஓடும் மெஷின் சீக்கிரம் களைத்துவிடும்.

வீட்டில் இருக்கும் மெஷினிலேயே தோல் தைக்கலாமா? 'ஹெவி டியூட்டி' என்று போட்டிருக்கிறதே?

மெல்லிய தோல் தைக்கலாம். ஜாக்கெட்டுக்கு வரும் 0.7, 0.8 மி.மீ. ஆட்டுத்தோல் இரண்டு அடுக்கு, தோல் ஊசி போட்டு, மெதுவாக ஓட்டினால் நன்றாகவே வரும். அதற்கு மேல் போகாதீர்கள்.

வீட்டு மெஷின் பெட்டியில் 'ஹெவி டியூட்டி' என்று இருந்தால், மற்ற வீட்டு மெஷின்களைவிடக் கொஞ்சம் பலம் கூடுதல், ஜீன்ஸ் தைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஊசி துணிக்கான ஊசி. தோல் முனையோடு பொதுவாக 110ஆம் எண் வரைதான் கிடைக்கும். அந்த ஊசியின் கண்ணில் பெல்ட்டுக்கான நூல் நுழையாது. எப்படியோ நுழைத்துவிட்டாலும் டென்ஷன் தட்டு அந்த நூலைச் சரியாகப் பிடிக்காது. தைப்பதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட் உயரும் உயரமும் குறைவு. மோட்டார் எவ்வளவு பெரியது என்பது இதற்கெல்லாம் பிறகு வரும் கேள்வி.

தோலுக்கென்று தனி ஃபுட் வாங்கிப் போட்டால்? டெஃப்லான் ஃபுட், வீட்டு மெஷினில் மாட்டும் வாக்கிங் ஃபுட் இரண்டும் வழுக்கலைச் சரிசெய்யும். துளைக்கும் பலத்தைக் கூட்டாது.

அம்ப்ரெல்லா மெஷின் பற்றி என்ன சொல்கிறீர்கள்? எங்கள் ஊரில் பை தைப்பவர்கள் எல்லாம் அதில்தான் தைக்கிறார்கள்.

அவர்கள் தைப்பதில் பெரும்பகுதி ரெக்சின், கேன்வாஸ், மெல்லிய தோல். அதற்கு அம்ப்ரெல்லா நல்ல மெஷின். உடம்பு கெட்டி, பழுது பார்ப்பது சுலபம், உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், காலால் மிதித்தால் வேகம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். மொத்தம் 3 மி.மீ.க்குள் நிற்கும் பர்ஸ், சின்னப் பைகளுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

சிக்கல் என்னவென்றால், துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பல் மட்டும்தான். இரண்டு தோலைச் சேர்த்துத் தைக்கும்போது கீழ்த்தோல் முன்னே போகும், மேல்தோல் ஃபுட்டில் உரசிப் பின்தங்கும். ஒரு அடி நீளம் தைத்து முடித்தால் மேலும் கீழும் விளிம்பு சேராது. பசை போட்டு ஒட்டிவிட்டுத் தைத்தால் இது குறையும். ஆனால் மேடு ஏறும் இடத்தில் தையல் குறுகிக் குறுகி ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதைப் பசையால் தடுக்க முடியாது.

வாக்கிங் ஃபுட் என்கிறார்கள், கம்பவுண்ட் ஃபீட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

கடையில் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். ஒன்றில்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மெஷின் தேர்வில் பாதி வேலை முடிந்தது.

தோலை நகர்த்தும் முறை நாலைந்து உண்டு. கீழ்ப்பல் மட்டும் நகர்த்துவது சாதாரண மெஷின். கீழ்ப்பல்லோடு ஊசியும் சேர்ந்து நகர்ந்தால் நீடில் ஃபீட். கீழ்ப்பல்லோடு மேல் ஃபுட்டும் நடந்தால் அது மேல்-கீழ் ஃபீட், அதாவது வாக்கிங் ஃபுட். கீழ்ப்பல், ஊசி, உள் ஃபுட் மூன்றும் ஒன்றாக நகர்ந்தால் அதுதான் கம்பவுண்ட் ஃபீட். டிரிப்பிள் ஃபீட், யூனிசன் ஃபீட் என்பதும் இதுவே. தடிமனான தோலுக்கு இந்தக் கடைசி வகைதான் வேண்டும்.

ஏன் என்று மெஷின் முன் உட்கார்ந்தே பார்க்கலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஃபுட்டின் கீழ் இரண்டு அடுக்குத் தோல் வைத்து, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஊசி இறங்கித் தோலில் குத்துகிறது. அதே நேரம் ஊசியைச் சுற்றியிருக்கும் உள் ஃபுட்டும் வந்து அழுத்துகிறது. இப்போது வெளி ஃபுட் மேலே எழுகிறது. ஊசி தோலுக்குள் நின்றபடியே, உள் ஃபுட், கீழ்ப்பல் இரண்டோடும் சேர்ந்து பின்னோக்கி நகர்கிறது. தோலின் அத்தனை அடுக்கும் ஊசியில் கோத்திருப்பதால் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்க வழியே இல்லை. ஒரு தையல் நீளம் நகர்ந்ததும் வெளி ஃபுட் இறங்கித் தோலைப் பிடித்துக்கொள்கிறது. ஊசியும் உள் ஃபுட்டும் எழுந்து முன்னே வந்து அடுத்த தையலுக்குத் தயாராகின்றன. இரண்டு ஃபுட்டும் மாறி மாறிக் கால் எடுத்து வைப்பதால் 3 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. மேட்டில் ஏறும்போதும் தையல் நீளம் பெரிதாக மாறுவதில்லை.

விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் சரி, தகட்டில் என்ன எண் இருந்தாலும் சரி, கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். ஊசி நேராக மேலும் கீழும் மட்டும் போனால் அது கம்பவுண்ட் ஃபீட் இல்லை.

ஃப்ளாட் பெட், சிலிண்டர் ஆர்ம், போஸ்ட் பெட்: இதில் எதை எடுப்பது?

பெல்ட், பர்ஸ், ஃபைல், மேட் போன்று தட்டையாகக் கிடப்பதை மட்டும் தைத்தால் ஃப்ளாட் பெட். நீளமான துண்டுகள் மேசையில் பரந்து கிடக்கும், கைக்கு வேலை குறைவு.

பையை மூடிய பிறகு உள்ளே விட்டுத் தைக்க வேண்டும், வளைந்த பக்கச்சுவரைத் தைக்க வேண்டும் என்றால் சிலிண்டர் ஆர்ம். கை மாதிரி நீண்டிருக்கும் அதன் மேல் பையைச் சட்டை போல மாட்டித் தைக்கலாம். தட்டை வேலைக்கு அதன் மேல் ஒரு மேசைப் பலகை பொருத்திக்கொள்ளலாம். ஃப்ளாட் பெட்டைச் சிலிண்டராக மாற்ற வழி கிடையாது, சிலிண்டரை ஃப்ளாட் ஆக்கலாம். அதனால் பையும் செய்வேன் பெல்ட்டும் செய்வேன் என்பவர்களுக்கு நான் சிலிண்டர் ஆர்மைத்தான் சொல்வேன்.

தூண் போல உயர்ந்து நிற்கும் போஸ்ட் பெட் ஷூவின் மேல்பாகம் தைப்பதற்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ தொழிற்சாலைகளில் வரிசையாக நிற்பது இதுதான். அந்தப் பகுதியில் பழைய மெஷின் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் இதுதான். அவற்றில் பல ஃபுட்டுக்குப் பதில் சின்னச் சக்கரம் வைத்தவை. ஒன்று, ஒன்றரை மி.மீ. தோலில் வளைவு வளைவாக அழகாகத் தைக்கும். பெல்ட் தைக்க வாங்காதீர்கள்.

குறிப்பிட்ட மாடல்கள் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். அந்த மாடலையே வாங்க வேண்டும் என்று இல்லை. எந்த வகுப்பு எதைச் செய்யும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

நடுத்தர வேலைக்கு ஜூகி டிஎன்யூ-1541. ஃப்ளாட் பெட், கம்பவுண்ட் ஃபீட். 135×17 வகை ஊசி, தையல் நீளம் 9 மி.மீ. வரை. முழங்கால் நெம்புகோலை அழுத்தினால் ஃபுட் 16 மி.மீ. உயரும். ஃபுட் 16 உயர்ந்தால் 16 மி.மீ. தைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது தோலை உள்ளே நுழைக்க விடும் இடம். நடைமுறையில் 8, 9 மி.மீ. வரை ஒழுங்காகத் தைக்கும். பைக்கும் சாதாரண பெல்ட்டுக்கும் இது போதும். இதே வேலையைச் சிலிண்டர் ஆர்மில் செய்வது ஜூகி எல்எஸ்-1341. ஊசியும் அதே வகை. பழைய மெஷின் சந்தையில் சிங்கர் 111டபிள்யூ, கான்சூ 206ஆர்பி, ஃபாஃப் 1245, சிலிண்டர் ஆர்மில் ஃபாஃப் 335 ஆகியவை நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம்.

சேணம், கனமான பெல்ட், நாய்ப் பட்டை, கத்தி உறை, செருப்பின் அடித்தோல் என்று 10 மி.மீ.யைத் தாண்டினால் 441 வகுப்பு. ஜூகி டிஎஸ்சி-441தான் மூலம். அதைப் பார்த்துப் பல நிறுவனங்கள் செய்கின்றன. அமெரிக்காவில் தோல் வேலை செய்பவர்களிடம் பிரபலமான கவ்பாய் 4500, கோப்ரா கிளாஸ் 4 இரண்டும் இந்தக் குடும்பம்தான். 420 மி.மீ. நீளமான சிலிண்டர் ஆர்ம், 11 மி.மீ. வரை தையல் நீளம், 794 வகை நீண்ட ஊசி. 20 மி.மீ. தோலை அலட்டிக்கொள்ளாமல் துளைக்கும். இதற்கு ஒரு மெஷின் வைக்கும் இடமும் கெட்டியான ஸ்டாண்டும் முதலில் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கினாலும் மூச்சு வாங்கும்.

அப்படியானால் 441 வாங்கிவிட்டால் எல்லாம் தைக்கலாமே?

இல்லை. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். தைக்கும் தடிமனுக்கு மேல் எல்லை இருப்பதுபோலக் கீழ் எல்லையும் உண்டு.

441இன் ஊசி 140க்குக் கீழே சுலபமாகக் கிடைக்காது. ஊசி எண் என்பது ஊசித் தண்டின் விட்டத்தை நூறால் பெருக்கியது: 140 என்றால் 1.4 மி.மீ. ஒரு மி.மீ. தடிமன் உள்ள பர்ஸ் தோலில் 1.4 மி.மீ. ஓட்டை போட்டால் அது தையலாக இருக்காது, தபால்தலை விளிம்பாக இருக்கும். அதன் பெரிய பல் மெல்லிய தோலைக் கீழே இழுத்துச் சுருக்கவும் செய்யும். திறமையான ஆள் பல்லையும் தட்டையும் மாற்றி, ஃபுட் அழுத்தத்தைக் குறைத்து ஓரளவு சமாளிப்பார். ஆனால் தினமும் பர்ஸும் தினமும் சேணமும் தைக்க வேண்டுமானால் இரண்டு மெஷின் வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், எதை விற்று வருமானம் வருகிறதோ அதற்கான மெஷினை வாங்குங்கள். வருடத்துக்கு நாலு வரும் கனமான வேலையைக் கையால் தைத்துவிடலாம்.

நூலும் ஊசியும் எப்படிப் பொருத்துவது?

மெஷினைவிட இதில்தான் தையலின் அழகு இருக்கிறது.

தோலுக்குப் பருத்தி நூல் வேண்டாம். பாண்டட் நைலான் அல்லது பாண்டட் பாலியெஸ்டர் வாங்குங்கள். பாண்டட் என்றால் இழைகளைப் பிசின் பூசி ஒட்டியது. ஊசிக் கண்ணில் உரசினாலும் பிரியாது. நைலான் இழுவைக்கு நல்லது. வெயிலில் கிடக்கும் பொருளுக்கு, உதாரணமாக பைக் சீட், வெளியில் தொங்கும் பைகள், பாலியெஸ்டர் நல்லது. வெயிலை நைலானைவிட அதிகம் தாங்கும்.

நூலின் தடிமனை டெக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். எண் கூடினால் நூல் தடிமன் கூடும். ஆனால் நம் கடைகளில் பெரும்பாலும் டிக்கெட் எண் சொல்லித்தான் விற்பார்கள், அது தலைகீழ். டிக்கெட் 40 மெல்லியது, 20 தடிமனானது, 10 இன்னும் தடிமனானது. ஏறத்தாழ, 3000ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் டெக்ஸ் வரும்: 40 என்றால் 75, 20 என்றால் 150. பாண்டட் நைலானில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கடைக்குப் போகும்போது கணக்குப் போட இது போதும்.

பர்ஸுக்கு டெக்ஸ் 70, ஊசி 100 அல்லது 110. பைக்கு டெக்ஸ் 90, ஊசி 110 முதல் 120. கெட்டியான பை, பெல்ட் என்றால் டெக்ஸ் 135, ஊசி 140. டெக்ஸ் 210க்கு ஊசி 160 அல்லது 180. சேணம் மாதிரி வேலைக்கு டெக்ஸ் 270, ஊசி 180 அல்லது 200. 1541 வகுப்பு மெஷின் டெக்ஸ் 135 வரை நிம்மதியாக ஓடும். 210ஐ மேல்நூலாக மட்டும் போட்டுத் தைப்பவர்கள் உண்டு, அது அதன் எல்லை. டெக்ஸ் 270 வேண்டும் என்றால் 441தான்.

தோலின் தடிமனையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேல்நூலும் பாபின் நூலும் தோலின் நடுவில் முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். டெக்ஸ் 270 நூல் கிட்டத்தட்ட 0.6 மி.மீ. பருமன். 2 மி.மீ. தோலுக்குள் அப்படி இரண்டு நூலின் முடிச்சு ஒளிய இடமே இல்லை. டென்ஷனை எவ்வளவு திருகினாலும் மேலேயோ கீழேயோ எட்டிப் பார்க்கும். "டென்ஷன் செட் ஆகவே மாட்டேங்குது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது நூல் எண்ணைத்தான்.

ஊசியை மாற்றினால் மெஷினை செட் பண்ண வேண்டுமா?

ஒரு படி மேலே, ஒரு படி கீழே என்றால் தேவையில்லை. 100இலிருந்து 160க்குத் தாவினால் ஊசியின் பக்கவாட்டு 0.3 மி.மீ. வெளியே வந்துவிடுகிறது, கீழே சுற்றி மேல்நூலைப் பிடிக்கும் ஹூக்கின் முனை ஊசியில் இடிக்கும். மறுபுறம், பெரிய ஊசிக்குச் செட் செய்த மெஷினில் சின்ன ஊசி போட்டால் தையல் விட்டுப் போகும். பெரிய மாற்றத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அல்லது கற்றுக்கொள்ளுங்கள்.

தோல் ஊசிக்கும் துணி ஊசிக்கும் என்ன வித்தியாசம்?

துணி ஊசியின் முனை உருண்டை. இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் அப்படி விலக்க நெய்த இழை கிடையாது, வெட்டித்தான் போக வேண்டும். அதனால் தோல் ஊசியின் முனை சின்ன உளி மாதிரி இருக்கும். வெட்டு எந்தத் திசையில் விழுகிறது என்பதை வைத்துப் பல வகை. எல்ஆர் என்று குறித்த ஊசி சாய்வாக வெட்டும். தையல் லேசாகச் சாய்ந்து விழுந்து பார்க்க அழகாக இருக்கும். முதலில் அதையே வாங்குங்கள். எஸ் முனை தையல் போகும் திசையிலேயே வெட்டும், தையல் நேர்கோடாக விழும். ஆனால் தையல் நீளத்தைக் குறைத்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் கிழியும். நீளமான தையலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் ஊசியில் துணி தைக்காதீர்கள், இழையை அறுத்துவிடும்.

கிளட்ச் மோட்டாரா, சர்வோவா?

சர்வோ. தோலுக்கு இதில் இரண்டாவது யோசனை வேண்டாம்.

கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டதும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதிக்கும்போது மெஷினோடு சேரும். துணித் தொழிற்சாலையில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தைக்க அது வந்தது. தோலில் மூலை திரும்பும்போது நாம் ஒரு தையல், இன்னொரு தையல் என்று எண்ணிப் போட வேண்டும். பழகிய கால் கிளட்சிலும் அதைச் செய்யும். புதியவர் காலுக்கு வராது. சர்வோவில் உச்ச வேகத்தைப் பொத்தானிலேயே குறைத்து வைக்கலாம், மிதிக்காதபோது சத்தமில்லை, கரண்ட்டும் மிச்சம்.

சில சர்வோக்களுக்கு மிகக் குறைந்த வேகத்தில் இழுவை போதாது. மெஷின் முனகிக்கொண்டு தோலில் நிற்கும். அதற்கு ஸ்பீடு ரெட்யூசர் என்ற கூடுதல் புல்லியைப் போடுங்கள். 3:1 ரெட்யூசர் வேகத்தை மூன்றில் ஒன்றாக்கும், இழுவையைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கும். மோட்டார் வாட்ஸைக் கூட்டுவதைவிட இது பயனுள்ள செலவு.

வேகமாகத் தைத்தால் இன்னொரு தொல்லை: ஊசி சூடாகி நைலான் நூலை உருக்கும். நூல் அடிக்கடி அறுந்து, அறுந்த நுனி உருண்டு கெட்டியாக இருந்தால் காரணம் அதுதான்.

பேட்சர் மெஷின் எப்படி? செருப்புத் தைக்கும் அண்ணன்கள் வைத்திருப்பார்களே.

சிங்கர் 29கே தான் அதற்கு முன்னோடி. பெயரில் இருக்கும் 'கே' ஸ்காட்லாந்தின் கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது, மெஷின்கள் இன்றும் ஓடுகின்றன. அதன் ஃபுட்தான் தோலை நகர்த்தும், அந்த ஃபுட்டை எந்தத் திசையிலும் முழு வட்டம் திருப்பலாம். தைத்து முடிந்த ஷூவின் மூக்குக்குள் ஒல்லியான கையை நுழைத்து, ஷூவைத் திருப்பாமல் தையலைத் திருப்பலாம். பழுது வேலைக்கு இதற்கு ஈடு கிடையாது.

புதிதாகப் பெல்ட், பை செய்ய இதை வாங்காதீர்கள். மேலிருந்து ஃபுட் மட்டும் இழுப்பதால் நீண்ட நேர்த்தையல் சீராக வராது, பாபினும் சின்னது, தடிமன் நூல் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கையால் சுற்றும் பேட்சர்? வார்ப்பில் பிசிறு இருக்கும். நூல் போகும் வழியெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அப்படிச் சரிசெய்தால் வீட்டுச் செருப்பு, பள்ளிப் பை பழுதுக்கு உபயோகப்படும். விற்பனைக்குச் செய்யும் பொருளில் அந்தத் தையல் தெரிய வேண்டாம்.

பழைய மெஷின் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் தோலையும் உங்கள் நூலையும் எடுத்துக்கொண்டு போங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விற்பவர் எடுத்துக் காட்டும் மெல்லிய ரெக்சின் துண்டில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும்.

முதலில் மோட்டாரை அணைத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்று ஒரே இலகுவில் போக வேண்டும். ஏதாவது ஒரு புள்ளியில் மட்டும் இறுகினால் அச்சு வளைந்திருக்கலாம் அல்லது ஹூக்கில் நூல் சிக்கியிருக்கலாம். நூல் என்றால் பத்து நிமிட வேலை. எடுத்த பிறகும் இறுக்கம் போகவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் ஊசிக் கம்பியை விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஃபீட் இணைப்பால் வரும் லேசான அசைவு பரவாயில்லை, கடகடவென்று ஆடக் கூடாது. ஹூக்கின் முனையை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் அங்கே இடி பட்டிருக்கிறது. தையல் நீளத்தை மாற்றும் நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளி, இரு திசையிலும் ஒரே நீளம் வருகிறதா பாருங்கள்.

இப்போது நீங்கள் கொண்டுபோன தோலை இரண்டாக மடித்து, பாதி மடிப்பு பாதி ஒற்றை என்று வைத்து, ஒற்றையிலிருந்து மடிப்புக்கு ஏற்றித் தையுங்கள். ஏறும் இடத்தில் தையல் விட்டுப் போகிறதா? குறுகுகிறதா? திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மேலே அழகாகவும் கீழே நூல் வளையம் வளையமாகவும் இருந்தால் டென்ஷன் பிரச்சினை, பயப்பட வேண்டாம். தையலே விழவில்லை என்றால் டைமிங் பிரச்சினை, அதாவது ஊசியும் ஹூக்கும் சரியான நேரத்தில் சந்திக்கவில்லை. சரிசெய்ய முடிவதுதான், ஆனால் விலையில் குறைத்துப் பேசுங்கள்.

ஊசி வகையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் ஊசி உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல மெஷினும் சுமைதான். தொழிற்சாலையிலிருந்து வந்த மெஷினாக இருந்தால் மோட்டார் மூன்று ஃபேஸா ஒற்றை ஃபேஸா என்றும் பாருங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார் வீட்டுச் சாதாரண இணைப்பில் ஓடாது. ஒற்றை ஃபேஸ் சர்வோ மாற்றும் செலவை விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சீன மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம். நல்ல வடிவமைப்பைப் பார்த்துச் செய்த மெஷின், உதிரி பாகமும் பல சமயம் மூலத்தோடு பொருந்தும். வித்தியாசம் பெரும்பாலும் கடைசிக் கட்டப் பொருத்தலில் இருக்கிறது: ஓரங்கள் மெருகேறாமல், டைமிங் ஏறக்குறைய வைத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் பெட்டியோடு அனுப்பி வைக்கும் கடையில் வாங்காமல், உங்கள் தோலில் தைத்துக் காட்டி, செட் செய்து கொடுக்கும் கடையில் வாங்குங்கள். அதற்காகக் கொஞ்சம் அதிகம் கேட்டால் கொடுப்பது நியாயம். பக்கத்தில் மெக்கானிக் இருப்பது பிராண்டைவிட முக்கியம்.

தோலின் அடிப்பக்கம் பல் தடம் விழுகிறது. என்ன செய்வது?

ஃபுட் அழுத்தத்தைக் குறையுங்கள். கம்பவுண்ட் ஃபீட்டில் ஊசியே தோலை இழுப்பதால் அவ்வளவு அழுத்தம் தேவைப்படாது. அப்படியும் விழுந்தால், பல் வெட்டாத மழமழப்பான ஃபீட் டாக்கும் (கீழ்ப்பல்லுக்குக் கடையில் சொல்லும் பெயர்) ஃபுட்டும் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

எந்தத் தோல் என்பதைப் பொறுத்து மெஷின் மாறுமா?

மாறும். குரோம் பதனிட்ட தோல் மிருது; ஊசி சுலபமாக இறங்கும், ஆனால் இழுபடும். தாவரப் பட்டையால் பதனிட்ட தோல் கெட்டி, ஒரே தடிமனில் ஊசிக்கு இரு மடங்கு வேலை வைப்பது போலத் தோன்றும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடும் மரபு நம் ஊருடையது, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் வெளிநாடு போனதும் அந்தத் தாவரப் பதனீட்டுத் தோல்தான். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் இப்போதும் தாவரப் பதனீடு நடக்கிறது. அந்த வகைத் தோலில் பெல்ட் செய்வதாக இருந்தால், குரோம் தோலுக்குப் போட்ட கணக்கைவிட ஒரு படி பலமான மெஷினையே பாருங்கள்.

இன்னொன்று. தாவரப் பதனீட்டுத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பில் பட்டால் கறுப்புக் கறை விழும், சுலபத்தில் போகாது. நன்றாகக் காய்ந்த பிறகே மெஷினில் வையுங்கள்.

கைத்தையல்தான் உறுதி என்கிறார்களே, மெஷின் தையல் பிரிந்துவிடாதா?

இரண்டு ஊசி கோத்துக் கையால் தைக்கும் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தாங்கும். மெஷின் தையலில் அந்த வசதி குறைவு. அது உண்மை. ஆனால் சரியான நூல், சரியான ஊசி, நடுவில் இறுகிய முடிச்சு, ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு மூன்று பின்தையல் இருந்தால் மெஷின் தையல் பல வருடம் உழைக்கும். உயிர் தொங்கும் இடங்கள், அதாவது சேணத்தின் முக்கிய வார், பாதுகாப்புப் பட்டை போன்றவற்றை நான் கையால்தான் தைக்கச் சொல்வேன்.

எண்ணெய், பராமரிப்பு?

மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது நாளடைவில் பிசின் மாதிரி இறுகி மெஷினைப் பிடித்துவிடும். தோல் தூள் பஞ்சைவிட மோசமாக ஹூக்கில் அடையும், பாபின் மாற்றும்போதெல்லாம் தூரிகையால் ஒரு துடை துடைத்து ஹூக்கில் ஒரு சொட்டு விடுங்கள். எண்ணெய் விட்டதும் முதலில் ஒரு கழிவுத் துண்டில் தைத்துவிட்டு, பிறகு நல்ல தோலை வையுங்கள்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க, கற்றுக்கொள்ள எங்கே போவது?

சென்னையில் இருந்தால் பெரியமேட்டில் ஒரு நாள் சுற்றுங்கள். தோல், பக்கிள், பசை என்று தோல் வேலைக்கான பொருட்கள் அங்கே கிடைக்கும்; தோல் வாங்கும் கடைகளிலேயே யார் எந்த மெஷினில் தைக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். முறையாகக் கற்க கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தோலைப் பற்றியே ஆழமாக அறிய அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 1948இல் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் சொந்தக்காரர், நண்பர் யாராவது இருந்தால் அவர்கள் வழியாக ஒரு மெக்கானிக்கின் அறிமுகம் வாங்கிக்கொள்ளுங்கள். ஷூ மெஷின்களோடு வாழ்ந்த கைகள் அவை.

பணம் குறைவு. எதில் மிச்சம் பிடிக்கலாம்?

மெஷின் தலை பழையதாக இருக்கலாம், மேசை பழையதாக இருக்கலாம், பெயின்ட் உரிந்திருக்கலாம். ஃபீட் முறையில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஊசியிலும் நூலிலும் மலிவு பார்க்காதீர்கள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் தலைக்கே கொடுத்துவிடாமல் சர்வோ, ரெட்யூசர், இரண்டு மூன்று அளவு ஊசி, சீவும் கத்தி இவற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். நல்ல கத்தியும் சீவத் தெரிந்த கையும் இருந்தால், 7 மி.மீ. மூலையை 5க்கு இறக்கி, ஒரு வகுப்பு சின்ன மெஷினிலேயே வேலையை முடித்துவிடலாம்.